ஊரெல்லாம் காது இரைச்சல்

நிதானம் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. முப்பது வருடம் லாரி ஓட்டியபோது கூட வேலை செய்தவர்கள் வைத்தது. சிமெண்ட் மூட்டை ஏற்றினாலும் சரி, கண்ணாடிப் பலகை ஏற்றினாலும் சரி, அவர் வண்டி ஒரே வேகத்தில்தான் போகும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, ஒருவழியாக முந்திப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

லாரிக் கம்பெனியை இழுத்து மூடியபோது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அந்த நேரம் பார்த்து மாவட்ட ஆஸ்பத்திரி, தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளை அழைத்துப்போக ஒரு வேன் விட்டது. எட்டு பேர் உட்காரலாம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து கிளம்பி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போய், நோயாளிகளை இறக்கிவிட்டுக் காத்திருந்து, மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வேலையோடு நாலு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் கொடுத்தார்கள். அப்பாயின்ட்மென்ட் சீட்டு இல்லாதவரை ஏற்றக் கூடாது. ஆஸ்பத்திரி வளாகத்தில் டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. டிரைவர் சொந்தச் சாமான் எதையும் வண்டியில் வைக்கக் கூடாது. முதல் இரண்டு பக்கம் அவருக்கு மனப்பாடம். மீதி இரண்டு பக்கம் நோயாளிகளுக்கானது என்று போட்டிருந்ததால், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார்.

அவருடைய ஊர் கல்குவாரியை நம்பி உண்டான ஊர். மண்வெட்டியைப் போட்டால் பொறி பறக்கும். ஒரு கீரைப்பாத்தி போடக்கூட மண் கிடையாது. குவாரி நின்றபின் கையில் காரும் காலில் பலமும் இருந்தவர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரரும் ஒருநாள், 'மகள் வீட்டோடு போகிறேன்' என்று அட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டுப் போனார். பஸ் அதற்கு முன்பே நின்றிருந்தது. கார் வைத்திருந்த ஒன்றிரண்டு பேர் ஆரம்பத்தில் முகம் கோணாமல் எல்லோருக்கும் வாங்கி வந்தார்கள். போகப் போக, கிளம்பும்போது விளக்கைப் போடாமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

இதில் அதிகம் நொந்துபோனது நிதானத்தின் மனைவி. குவாரி கேன்டீனில் இருபது வருடம் நூற்றைம்பது பேருக்குச் சமைத்த கை. இப்போது வீட்டில் இருந்ததெல்லாம் முளைவிட்ட உருளைக்கிழங்கும், டப்பாவில் அடைத்த பீன்ஸும், கல்லாகிப்போன ரொட்டியும்தான். வேதனை அதோடு நிற்கவில்லை. பெரிய மளிகைக் கடை, நாற்பது வகைக் காய்கறி, தனி அறையில் மீன், எல்லாம் இருந்த அந்தக் கடை, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரில் இருந்தது. நடுவில் ஒரு ரோடுதான்.

நிதானம் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தக் கடையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். வாசல் பலகையில் எழுதியிருக்கும் விலையெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு, தக்காளி விலை இறங்கியிருக்கிறது, கத்தரிக்காய் நல்ல பளபளப்பாக வந்திருக்கிறது என்று உள்ளபடியே சொல்வார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்ப்பாள்.

"கடைக்கு எதிர்லயே போய் ஆறு மணி நேரம் உட்கார்ந்துட்டு, வெறுங்கையோட திரும்பி வந்து விலை சொல்ற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாங்க."

"விதியில அப்படித்தான் இருக்கு."

"என் தலைவிதியில."

அப்போது வேனில் தவறாமல் போய்வந்தது ஒரே ஒரு ஆள். ஓய்வுபெற்ற லைன்மேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துவிட்டு வருவார். போகும்போதும் பேசமாட்டார், வரும்போதும் பேசமாட்டார். நடுவில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், உயிரோடு இருப்பதற்காக வருத்தப்படுகிறவர்போலப் பதில் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லைன்மேனுக்குப் பின்னால் நிதானத்தின் மனைவி வந்து நின்றாள். மடித்த துணிப்பை ஒரு கையில், சீட்டு ஒரு கையில். முழங்கால் வலி என்று போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தாள். நிதானம் சீட்டை வாங்கி, தேதி பார்த்து, பெயர் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, முன்பின் தெரியாதவளை ஏற்றுவதுபோல், பார்த்து ஏறுங்க என்றார்.

முழங்கால் டாக்டர் கீரை சாப்பிடச் சொன்னார். அவள் ரோட்டைக் கடந்துபோய் இரண்டு பை நிறைய வாங்கிவந்தாள். ஒரு நோயாளிக்கு ஒரு கைப்பைக்குமேல் டிரைவர் ஏற்றக் கூடாது என்றார் நிதானம்.

"இது கைப்பை," என்று ஒன்றைக் காட்டினாள். "அது மருந்து. டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார், பாருங்க."

சீட்டில் கீரை என்றுதான் இருந்தது. பையில் கீரையோடு வெங்காயமும் முட்டையும் ஒரு பாட்டில் எண்ணெயும் இருந்தன. ஆனால் மருந்தைத் திறந்து பார்க்க டிரைவருக்கு அதிகாரமுண்டு என்று விதியில் எங்கும் சொல்லவில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனசாட்சி கொஞ்சம் குத்தியதாகவும், இரண்டாவது தடவை போட்டுக்கொண்டபோது அது அடங்கிவிட்டதாகவும் அவரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வெங்காயம் வதங்கும் வாசனையை எந்த ஊரிலும் மறைக்க முடியாது. அடுத்த வாரம் வேனில் நாலு பேர். அதற்கடுத்த வாரம் இடமில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு முதுகு, முன்னாள் வெல்டருக்குக் கண், ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்த பேக்கரிக்காரருக்குத் தோல் அரிப்பு. எல்லோரும் சீட்டு வைத்திருந்தார்கள். சீட்டு இருக்கும்வரை நிதானத்துக்குப் பேச்சில்லை.

எந்த நோய் வசதி என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. எலும்புப் பிரிவில் வரிசையிலேயே மூன்று மணி நேரம் போய்விடும், கடைக்கு நேரமிருக்காது. கண்ணில் சொட்டுமருந்து விட்டால் பார்வை மங்கி, வெல்டர் சர்க்கரை என்று நினைத்து இரண்டு கிலோ உப்பு வாங்கிவந்தார். வயிற்றுப் பிரிவுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். பசியோடு கடைக்குள் போனால் கண்டதையும் வாங்கத் தோன்றுகிறது என்று தையல்காரி எச்சரித்தாள். தோல் டாக்டர் மாதம் ஒருமுறைதான் வரச் சொல்வார். காது டாக்டர்தான் தங்கம். இருபது நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிடுவார். ஊசி கிடையாது, பத்தியம் கிடையாது. காதில் இரைச்சல் என்று சொன்னால் வாராவாரம் வரச் சொல்வார். உள்ளே இரைகிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நிதானத்தின் மனைவிக்கும் முழங்கால் சரியாகி, காதில் இரைச்சல் வந்தது.

காது டாக்டர் இளம்பெண். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதையும் லேசில் விடுகிறவர் அல்ல. ஒரே ஊரில் இருபத்துமூன்று பேருக்கு, ஒரே பருவத்தில், காதில் இரைச்சல் தொடங்கியிருப்பதைக் கவனித்துவிட்டார். ஒவ்வொருவரிடமும் என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். தையல்காரி, வண்டு ரீங்காரம் என்றாள். பேக்கரிக்காரர், குக்கர் விசில் அடிக்கப்போகும் சமயம் வருகிற சத்தம் என்றார். வெல்டர் ஒன்றும் தோன்றாமல், யாரோ தூரத்தில் தன்னைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அவரை மனநலப் பிரிவுக்கும் அனுப்பிவைத்தார்கள். அதற்குத் தனியாக வியாழக்கிழமை வர வேண்டும், வியாழக்கிழமை வேன் கிடையாது என்று அவர் ஒரு வாரம் புலம்பினார்.

டாக்டர் மூன்று வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டார். பழைய குவாரிக்கு அடியில் ஏதாவது அதிர்வு இருக்கலாம், மின்கம்பியில் கோளாறு இருக்கலாம் என்று மேலிடத்துக்கு எழுதி, சத்தம் அளக்கும் கருவிகளோடு இரண்டு டெக்னீஷியன்களைக் கூட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை ஊருக்கே வந்து இறங்கிவிட்டார்.

ஊர் வெலவெலத்துப்போனது. டாக்டர் வீடு வீடாகப் போய்க் கருவியை வைத்தார். குவாரிக் குழிக்குள் இறங்கி வைத்தார். மின்கம்பத்தின் அடியில் வைத்தபோது, லைன்மேன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கம்பத்தில் மின்சாரமே இல்லை, கம்பியைத் தானே தன் கையால் அறுத்தது என்றார். இவ்வளவு அமைதியான ஊரைத் தாங்கள் அளந்ததே இல்லை என்று டெக்னீஷியன்கள் சொன்னார்கள். நாள் முழுக்க அகப்பட்டதிலேயே பெரிய சத்தம் லைன்மேனின் பழைய ஃபிரிட்ஜ் போட்டது.

மணி ஒன்றரை ஆனது. வழியில் எங்காவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி, அவர்கள் கையில் எதுவும் கொண்டுவரவில்லை. நிதானத்தின் வீட்டு முன்னறையில் கருவிகளை இறக்கிவைத்து உட்கார்ந்தார்கள். ஊரில் பாதிப்பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க பக்கத்துல ஏதாவது கடை இருக்குங்களா? பிஸ்கட், பழம், எது கிடைச்சாலும் போதும்."

தையல்காரி கூரையைப் பார்த்தாள். நிதானத்தின் மனைவி முந்தானை நுனியைச் சுருட்டினாள். நிதானத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தும் பழக்கமில்லை.

"இருக்குங்க," என்றார்.

"எங்க?"

"உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்ல."

டாக்டர் தலையாட்டிவிட்டு, நோட்டில் ஏதோ எழுதப்போனார். பேனா பாதியில் நின்றது. அவர் வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு நோட்டின் முன்பக்கங்களைத் திருப்பி, அப்பாயின்ட்மென்ட் தேதிகளைப் பார்த்தார். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. அதற்குமேல் அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கத்தியிருந்தால் ஊர் தாங்கியிருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு. காது கேக்காததால இன்னும் பேச்சு வரலை. நாலு மாசமா என்கிட்ட நேரம் கிடைக்காம அவங்க அம்மா போன் பண்ணிட்டே இருக்காங்க. நேரமெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

வெல்டர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நிதானத்தின் மனைவி உள்ளே போனாள். போனவள் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் தெரிந்துகொள்ள வழியில்லை. வீட்டிலிருந்த கடைசி வெங்காயம் அது. அதையும் நாலு உருளைக்கிழங்கையும் வைத்து, அரைமணி நேரத்தில் மூன்று தட்டு நிறைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் முதலில் வேண்டாமென்றார். டெக்னீஷியன்கள் அதற்குள் பாதி சாப்பிட்டிருந்தார்கள். பிறகு அவரும் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்தவர், கருவியெல்லாம் வந்தது வந்துவிட்டது, வீணாகப் போகவேண்டாம், உண்மையிலேயே யாருக்குக் காதில் கோளாறு என்று பார்த்துவிடுகிறேன் என்றார். எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, காது சோதிக்கக் கொண்டுவந்திருந்த ஹெட்ஃபோனை மாட்டினார். இருபத்துமூன்று பேருக்கும் காது கனகச்சிதம். நிதானத்தின் மனைவிக்கு இருந்தது பத்து வயதுக் குழந்தையின் காது.

கடைசியாக நிதானத்தைக் கூப்பிட்டார்கள். தன்னிடம் சீட்டு இல்லை என்று அவர் மறுத்தார். டாக்டர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அங்கேயே சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் அதை வாங்கித் தேதி சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஒரு காது பரவாயில்லை. முப்பது வருடம் லாரி ஜன்னலைப் பார்த்தபடி இருந்த மற்றக் காதில் கிட்டத்தட்ட ஒன்றுமே விழவில்லை. டாக்டர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் ஹெட்ஃபோன் சத்தம் கேட்டது, அதை மாட்டியிருந்தவருக்குக் கேட்கவில்லை.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் யோசித்தார். தனக்குத் தெரிந்தவரை உலகம் எப்போதும் இந்த அளவுக்குத்தான் பேசியது என்றார்.

அவர் மனைவி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பிடும்போது அவர் எப்போதும் ஒரே இடத்தில்தான் உட்காருவார். அடுப்படி அவருடைய ஜன்னல் பக்கத்துக் காதுக்கு நேராக இருந்தது.

"அப்ப நான் இத்தனை வருஷமா யார்கிட்டங்க பேசிட்டு இருந்தேன்?" என்றாள்.

ஊர் அன்று முதன்முறையாகச் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டவர்போல உடனே கருவிகளைக் கட்டச் சொன்னார்.

மறுநாள் காலை நிதானத்தின் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இருபத்துமூன்று அப்பாயின்ட்மென்ட்டையும் ரத்து செய்தாள். காரணம் கேட்டதற்கு, குணமாகிவிட்டது, டாக்டரம்மா கைராசிக்காரர் என்றாள். அந்தச் சிறுமிக்கு அடுத்த செவ்வாயே நேரம் கிடைத்ததாகப் பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வேனில் லைன்மேன் மட்டும். ஏழு இருக்கை காலி. பழைய நாட்களில் அது நிதானத்தை உறுத்தியதில்லை. இப்போது கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்த ஏழு இருக்கையும் அவரைத் திரும்பிப் பார்த்தன. கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, விலைப்பலகையைப் பார்க்கப் பிடிக்காமல், விதிப் புத்தகத்தை எடுத்தார். இதுவரை படிக்காத மூன்றாம் பக்கத்தைப் படித்தார். நாலாம் பக்கத்தைப் படித்தார். நாலாம் பக்கத்தின் அடியில், நோயாளியின் கவனிப்புக்குத் தேவையான துணையாட்கள் உடன் வரலாம், அவர்களுக்குச் சீட்டு வேண்டியதில்லை என்று இருந்தது. எத்தனை பேர் என்று போடவில்லை. அவர் அந்த வரியை விரலை வைத்து மூன்று தடவை படித்தார். ஏமாற்று எதுவும் அதில் இல்லை. அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவராகவே லைன்மேனிடம் பேச்சுக் கொடுத்தார். துணைக்கு ஏழு பேர் வந்தால் என்ன என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குய்யா ஏழு பேரு?" என்றார் லைன்மேன். "என்னைக் கடைசியாத் தூக்கிட்டுப் போறதுக்கே நாலு பேர் போதும்."

"அந்த நாலு பேர் யாருன்னு இப்பவே பார்த்து வச்சுக்கலாமில்ல."

லைன்மேன் ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, தையல்காரி வேண்டாம், அவள் ஓயாமல் பேசுவாள் என்றார்.

அடுத்த செவ்வாய் முதல் லைன்மேன் ஏழு துணையாட்களோடு டயாலிசிஸுக்குப் போனார். ஒருவர் பை பிடித்தார், ஒருவர் தண்ணீர் பாட்டில், ஒருவர் கம்பளி. பதிவு மேசையில் இருந்த எழுத்தர் வேன்வரை வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இத்தனை துணை எதற்கு என்று கேட்டார். நிதானம் வண்டியை விட்டு நகர முடியாததால், நாலாம் பக்கத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். எழுத்தர் அதைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் எண்ணிக்கை போடவில்லை.

லைன்மேன் சும்மா இல்லை. கடைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தன் படுக்கை அருகில் அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பேக்கரிக்காரர் பேப்பர் படித்துக் காட்டினார். வெல்டர் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்துத் தோற்றார். மூன்றாவது மாதம் தையல்காரியும் வரலாம் என்றார். அவள் பேசாத வாரம் மெஷின் மெதுவாக ஓடுவதாகக் குறைசொன்னார்.

காது டாக்டர் தம்முடைய அறிக்கையையும் அனுப்பியிருந்தார். இரைச்சல் என்ற இடத்தில் இல்லை என்றும், காரணம் என்ற இடத்தில் கடை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்றும் எழுதியிருந்தார். அது எந்தெந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியதோ, ஒரு வருடம் கழித்து இரண்டு கடிதம் சேர்ந்து வந்தன. ஒன்று, இனி ஒரு நோயாளிக்கு இரண்டு துணைக்குமேல் கூடாது என்றது. இன்னொன்று, சனிக்கிழமைகளில் வேனை ஊர்மக்கள் கடைக்குப் போகப் பயன்படுத்தலாம் என்றது.

இரண்டு துணைக்கான இடத்துக்கு ஊரில் அதன்பிறகும் போட்டி இருந்தது. கடைக்கென்று யாரும் போகவில்லை, சீட்டாட்டத்துக்குத்தான். நிதானத்துக்கு ஒரு காதுமெஷின் வந்தது. வண்டியை விட்டு அவர் நகரமாட்டார் என்பதால் டாக்டரே வேன் நிற்கும் இடத்துக்கு வந்து மாட்டிவிட்டார். முதல்முறையாக வண்டியின் கியர் சத்தத்தைக் கேட்டு, வேனில் ஏதோ கோளாறு என்று அவர் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதிப்போட்டார்.

சனிக்கிழமைக்கு இன்னும் விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் போக வேண்டியதில்லை என்பதால், வண்டியை விட்டு நகரக் கூடாது என்ற விதியும் பொருந்தவில்லை. முதல் சனிக்கிழமை கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் இதை நெடுநேரம் யோசித்தார். மனைவி கதவைத் திறந்து, இறங்குங்க என்றாள். இறங்கினார். மூன்று வருடம் கண்ணாடி வழியாகப் பார்த்த கடைக்குள், வழி தெரியாமல் பால் பாக்கெட் வரிசையில் இரண்டு தடவை சுற்றினார். பிறகு பழங்கள் இருக்கும் பக்கம் போய் நின்றவர், அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் எல்லாம் வாங்கி முடித்து, பைகளை ஏற்றி, வண்டியில் உட்கார்ந்து, வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு திராட்சைக் கொத்தையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வேன் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பயணப் பதிவேட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அவர் அதுவரை அதில் எதுவும் எழுதியதில்லை. பேனாவை எடுத்து, டிரைவர் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தார் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்திலிருந்து அதைப் பற்றி இன்றுவரை யாரும் கேட்கவில்லை.